ஆரஞ்சும் பட்டையும் சேரும் சமையலில் எங்கே தவறுகிறது?

ஆரஞ்சு சேர்த்துச் சமைத்தது சரியாக வரவில்லை என்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் மூன்றுதான். கசக்கிறது. திகட்டுகிறது. அல்லது ஆரஞ்சு போட்ட சுவடே இல்லை. மூன்றுக்கும் ஒரே மருந்தாக இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றிப் பார்ப்பார்கள். கசப்பும் போகாது, மணமும் வராது, குழம்பு நீர்த்துப்போவதுதான் மிச்சம்.

அளவு தவறுவதைவிட, எதை எப்போது போடுகிறோம் என்பதில்தான் கோளாறு அதிகம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, சீரகம் போன்றவற்றின் மணம் எண்ணெயில் நன்றாகக் கரையும். அது வெளியே வர ஓரளவு சூடும் நேரமும் வேண்டும். ஆரஞ்சின் மணம் அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறப் பறந்துவிடும். சமைக்கும்போது வீடே ஆரஞ்சாக மணக்கிறதே என்று மகிழ வேண்டாம். அவ்வளவு மணமும் சட்டியை விட்டுக் கிளம்பிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

சாற்றை மட்டும் நம்புவது

ஆரஞ்சு என்று மூக்கு அடையாளம் கண்டுகொள்ளும் மணத்தில் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. தோலின் மேற்புறம், அந்த நிறமுள்ள மெல்லிய பகுதியில், கண்ணுக்குத் தெரியும் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் உண்டு. அந்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமோனீன் என்ற பொருள். அது கொழுப்பில் கரையும், நீரில் கரையாது, எளிதில் ஆவியாகும். சாற்றில் இருப்பது முக்கியமாக இனிப்பும் மிதமான புளிப்பும். சாற்றை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால், எந்தப் பழத்தினுடையது என்றே சொல்ல முடியாத ஓர் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

அதனால் தோல் துருவல் இல்லாமல் ஆரஞ்சு சமையல் இல்லை என்றே சொல்வேன். துருவுவதிலும் ஒரு கவனம் வேண்டும். நிறப்பகுதிக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு கசக்கும். ஓர் இடத்தில் ஒரே ஒரு இழுப்பு, உடனே பழத்தைத் திருப்பிவிட வேண்டும். வெள்ளை தெரிய ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. சாறு பிழிவதற்கு முன்பே துருவிவிடுவது நல்லது, பிழிந்த பிறகு தொளதொளவென்று இருக்கும் தோலைத் துருவுவது பெரும்பாடு. கடையில் வாங்கும் பழத்துக்கு மெழுகுப் பூச்சு இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் துருவலாம்.

நீண்ட நேரம் வேகும் உணவுக்குத் துருவல் ஒத்துவராது. அதற்குக் காய் சீவும் கருவியால் தோலை நீளமாகச் சீவி, இரண்டு மூன்று கீற்றுகளாகப் போடலாம். அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். துருவலை அடுப்பை அணைத்த பிறகு தூவினால் போதும்.

பஞ்சு படாமலேயே கசந்தால்

சாறு மட்டும்தான் ஊற்றினேன், அதுவும் கசக்கிறது என்பார்கள். சந்தேகப்பட வேண்டியது பழத்தின் ரகத்தை. அடியில் தொப்புள் போன்ற குழியுடன், விதையில்லாமல் வரும் நேவல் ஆரஞ்சின் சாறு பிழிந்தவுடன் இனிப்பாகவே இருக்கும். ஆனால் அதில் சுவையே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. சாற்றின் புளிப்பு பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலையில் கசப்பது இதனால்தான். சூடுபடுத்தினால் இது இன்னும் வேகமாக நடக்கும். (லிமோனீன் மணம் தருவது, லிமோனின் கசப்பைத் தருவது. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.)

ஆக, நேவல் பழத்தைச் சாலட்டின் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்குக்கு அந்த நேரத்தில் பிழிந்து பச்சையாகப் பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்துச் சுண்டவைக்க வலென்சியா போன்ற சாற்று ரகம் ஏற்றது. விதையிலும் இந்தக் கசப்பு நிறைய உண்டு. விதையோடு சுளையை மிக்ஸியில் போட்டு அடித்துவிட்டால், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் சரியாகாது. லேசான கசப்பு என்றால் சர்க்கரையைத் தேடாமல் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். கசப்பை அடக்குவதில் உப்பு கெட்டிக்காரன்.

டிரெஸ்ஸிங்கில் நடப்பவை

சாலட் டிரெஸ்ஸிங் செய்பவர்கள் மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு வினிகர் என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். வினிகர் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றினால் அந்தக் கணக்கு குப்புற விழும். எலுமிச்சைச் சாற்றில் 5, 6 சதவீதம் அமிலம் இருக்கிறது என்றால், ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 1 சதவீதம்தான். எண்ணெயின் வழவழப்பை வெட்டும் புளிப்பு அதில் இல்லை. கூடவே தேனையும் ஊற்றினால் இலைகள் பாகில் ஊறியது போல் ஆகிவிடும்.

சரியாக வர ஒரு வழி சொல்கிறேன். 120 மில்லி சாற்றை அகலமான பாத்திரத்தில் மிதமான தீயில் 40 மில்லியாகச் சுண்டவைத்து ஆறவிடுங்கள். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், ஒரு டீஸ்பூன் அரைத்த கடுகு விழுது, கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து, நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி அடியுங்கள். கடுகு விழுது எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும். கடைசியாக அரைப் பழத்தின் துருவல். சுண்டும்போது போன மணம் இதில் திரும்பிவிடும். எண்ணெய் மென்மையானதாக இருக்கட்டும். காரமும் கசப்பும் தூக்கலான ஆலிவ் எண்ணெய் ஆரஞ்சை மூடிவிடும்.

இனி மசாலா. பட்டைப் பொடியைக் குளிர்ந்த சாற்றில் அப்படியே கலக்குவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு. பட்டைப் பொடி நீரில் கரையாது. முதலில் திட்டுத்திட்டாக மிதக்கும், அப்புறம் நீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகும், சாப்பிடும்போது மரத்தூள் மாதிரி நாக்கில் ஒட்டும். சீரகப் பொடியும் தனியாப் பொடியும் பச்சை வாடை அடிக்கும். டிரெஸ்ஸிங்குக்கு எடுத்து வைத்த எண்ணெயில் இரண்டு டேபிள்ஸ்பூனை மட்டும் லேசாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுப் பொடியைப் போட்டு அரை நிமிடம் கிளறினால் போதும். பொடி கருகுவதற்கு அதிக நேரம் ஆகாது, அதனால்தான் அணைத்த பிறகு போடச் சொல்கிறேன். எண்ணெய் முழுதாக ஆறியதும் வடிகட்டிச் சேர்க்கலாம். முழுப் பட்டையையும் இரண்டு ஏலக்காயையும் சாறு சுண்டும்போதே போட்டு எடுத்துவிடுவது அதைவிடச் சுலபம்.

இலைகளின் மேல் பரிமாறும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும் என்பது தெரிந்ததே. அரைவேக்காடு வேகவைத்த பீன்ஸ், பட்டாணி போன்ற பச்சைக் காய்களுக்கும் அதே விதிதான். புளிப்பு பட்டால் பச்சையம் மங்கி, சீக்கிரமே பாசி நிறத்துக்குப் போய்விடும்.

மிச்சமான டிரெஸ்ஸிங்கை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டு போட்ட எண்ணெயை வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ருசி பார்த்து உப்பும் புளிப்பும் கூட்டுவதும் தவறு. குளிரில் மணமும் சுவையும் மந்தமாகத் தெரியும். பதினைந்து நிமிடம் வெளியே வைத்து, குலுக்கி, பிறகு பாருங்கள்.

இனிப்பின் மேல் இனிப்பு

பட்டையில் சர்க்கரை இல்லை. ஆனாலும் அதன் மணம் நாக்குக்கு இனிப்பை நினைவூட்டுகிறது. அன்னாசிப்பூவிலும் சோம்பிலும் இருக்கும் அனெத்தோல் உண்மையிலேயே இனிக்கும். இவற்றோடு ஆரஞ்சு, அதற்கு மேல் தேன், அதற்கு மேல் வதக்கிய வெங்காயம் என்று அடுக்கினால் கோழியோ பனீரோ பண்டிகைப் பலகாரம் போல மணக்கும். திகட்டுகிறது என்ற புகாரின் மூலம் இதுதான்.

முதல் தடவை செய்யும்போது தேனையும் சர்க்கரையையும் சேர்க்காமல் செய்து பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. எதிர்ப்பக்கம் இழுக்க மிளகு, மிளகாய், உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் பூண்டு இருக்கட்டும். புளிப்பு ஆரஞ்சைச் சொல்லும் குறிப்பில் சாதாரண ஆரஞ்சை அப்படியே மாற்றிப் போடுவதும் திகட்டலில்தான் முடியும். அதற்கு இரண்டு பங்கு ஆரஞ்சுச் சாற்றோடு ஒரு பங்கு எலுமிச்சை கலந்தால் ஓரளவு பக்கத்தில் வரும்.

மசாலா டப்பாவில் இருக்கும் எல்லாவற்றையும் போடத் தேவையில்லை. ஒன்று முன்னால் நிற்கட்டும், இன்னொன்று பின்னால். ஆரஞ்சோடு எது சேரும் என்று கேட்டால் நான் பட்டைக்கு முன்பே தனியாவைச் சொல்வேன். தனியாவின் முக்கிய மணப்பொருளான லினலூல் ஆரஞ்சிலும் கொஞ்சம் உண்டு. மிளகிலும் ஏலக்காயிலும் லிமோனீன் இருக்கிறது, அதனால் அவையும் ஒட்டிக்கொள்ளும். கிராம்பு அப்படியல்ல. அதிலுள்ள யூஜினால் நாக்கை மரத்துப்போகச் செய்யும் அளவுக்கு வலுவானது. நான்கு பேருக்கான சட்டிக்கு இரண்டு போதும். அன்னாசிப்பூ ஒன்று, அதையும் பாதி வழியில் எடுத்துவிடலாம். தடித்த பட்டை, அதாவது காசியா, நீண்ட நேரம் வேகும் உணவுக்கு. மெல்லிய ஏடுகளாகச் சுருண்ட பட்டை டிரெஸ்ஸிங்குக்கு.

அடுப்பில் வரிசை மாறினால்

கொண்டைக்கடலை, பீன்ஸ் விதை, கேரட், உருளைக்கிழங்கு எதுவானாலும் வேகும் முன் சாற்றை ஊற்றிவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். புளிப்பான நீரில் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது. வெங்காயம்கூட வதங்காமல் நறுக்கென்று நிற்கும். முதலில் எண்ணெயில் முழு மசாலா, பிறகு வெங்காயம், பிறகு பொடிகள், தண்ணீர் விட்டு வேகவைத்தல், எல்லாம் மெத்தென்று ஆனதும் சாறு. அதன் பிறகு பத்து நிமிடக் கொதி போதும்.

இறைச்சியை இரவெல்லாம் சாற்றில் ஊறவைத்தால் மசாலா உள்ளே இறங்கும் என்பது வெறும் நம்பிக்கைதான். புளிப்பு மேற்பரப்பைத் தாண்டி அதிகம் போவதில்லை; அந்த மேற்பரப்பைத்தான் மாவு போலக் குழைத்துவிடும். மீன் துண்டுகள் இருபது நிமிடத்திலேயே வெளுக்கத் தொடங்கும். உள்ளே இறங்கக்கூடியது உப்பு. ஆகவே உப்பு, எண்ணெய், பொடித்த மசாலா, தோல் துருவல் ஆகியவற்றை மட்டும் தடவி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். இறைச்சிக்குச் சாற்றைச் சமைப்பதற்கு அரை மணி முன்பு சேர்த்தால் போதும்.

சாற்றில் பத்தில் ஒரு பங்கு வரை சர்க்கரை இருக்கிறது. அதைத் தடவிய கோழியை நேரடியாகச் சுடு தட்டில் வைத்தால் வெளியே கரி, உள்ளே பச்சை. ஒட்டியிருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சுடுங்கள். மினுமினுப்பான பூச்சு வேண்டுமென்றால் சுண்டிய சாற்றைக் கடைசி ஐந்து, பத்து நிமிடத்தில் பூசினால் போதும்.

பால் அல்லது கிரீம் சேர்ந்த குழம்பில் இன்னொரு சிக்கல். பாலிலுள்ள கேசின் புரதம், புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அருகே திரிந்துவிடும். ஆரஞ்சுச் சாறு பெரும்பாலும் 3.5க்கும் 4க்கும் இடையே. கொதிக்கும் பாலில் சாறு விழுந்தால் பனீர் தயார். இங்கே சாற்றை விட்டுவிட்டுத் துருவலை மட்டும் போடுவதுதான் என் யோசனை. கொழுப்பில் கரையும் மணம் கிரீமில் அழகாகத் தங்கும். தேங்காய்ப் பாலும் புளிப்போடு கொதித்தால் பிரியும், தீயைக் குறைத்துவிட்டுச் சாற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியமும் பழகாத இரும்பும் புளிப்பு பட்டால் உலோக வாடை தரும். எவர்சில்வர் அல்லது பீங்கான் பூச்சுள்ள பாத்திரம் போதும்.

இப்படிச் செய்த உணவை மறுநாள் சூடுபடுத்தும்போது கிராம்பும் பட்டையும் முதல் நாளைவிடத் தூக்கலாகவும் ஆரஞ்சு மங்கலாகவும் இருக்கும். முழு மசாலாவை இரவே பொறுக்கி எடுத்துவிட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, சூடாக்கி இறக்கிய பிறகு கொஞ்சம் புதுத் துருவலும் நாலு சொட்டு எலுமிச்சையும் விட்டு, இரண்டு நிமிடம் மூடி வைத்துப் பரிமாறலாம்.