மருந்துக் காப்பீட்டுக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

அமெரிக்காவில், முக்கியமாக 65 வயது ஆனவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குத் தகுதி பெற்ற ஊழியர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 15-க்கு முன்பாக ஆபீஸ் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும். சில கம்பெனிகள் அதைத் தனியாக அனுப்பாமல் சலுகைகள் பற்றிய தடித்த கையேட்டுக்குள் ஒரு பக்கமாகச் செருகிவிடுகின்றன. உங்கள் மருந்துக் காப்பீடு ‘கிரெடிட்டபிள்’ ஆனதா, இல்லையா என்று அதில் எழுதியிருக்கும். இதை விளம்பரத் தாள்களோடு குப்பையில் போடுபவர்கள் ஏராளம். 65 வயதை நெருங்கும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்றுதான்.

மெடிகேரின் அடிப்படை மருந்துத் திட்டமான பார்ட் டி சராசரியாக எவ்வளவு செலவை ஏற்குமோ, அதற்குக் குறையாமல் உங்கள் ஆபீஸ் திட்டமும் ஏற்றால் அது கிரெடிட்டபிள். “எங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸ் ரொம்ப நல்லது, ஆஸ்பத்திரி பில்லெல்லாம் கட்டிவிடுகிறது” என்பார்கள். சரி, ஆனால் இங்கே கணக்கில் வருவது மருந்துப் பகுதி மட்டும்தான். டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள திட்டங்கள் இந்த இடத்தில் தவறிவிடக்கூடும். அதுவும் 2025 முதல் பார்ட் டி-யில் ஒருவர் கையிலிருந்து கட்டும் மருந்துச் செலவுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. 2026-இல் அது 2,100. பார்ட் டி மேம்பட மேம்பட, ஆபீஸ் திட்டம் எட்ட வேண்டிய அளவும் உயர்கிறது. அதனால் போன வருடக் கடிதத்தை நம்பி இந்த வருடம் சும்மா இருக்கக் கூடாது.

மெடிகேரில் சேர முதலில் கிடைக்கும் ஏழு மாத அவகாசம் முடிந்த பிறகு, கிரெடிட்டபிள் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் கடந்தால் அபராதம் உண்டு. காப்பீடு இல்லாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும், பார்ட் டி-க்கான தேசிய அடிப்படை ப்ரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த ப்ரீமியம் 38.99 டாலர். 20 மாதம் விட்டவருக்கு மாதம் 7.80 டாலர் கூடும். சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் பார்ட் டி வைத்திருக்கும் காலம் முழுக்க இதைக் கட்ட வேண்டும், அடிப்படை ப்ரீமியம் ஏறினால் அபராதமும் ஏறும்.

நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “ஊருக்குப் போகும்போது ஆறு மாத மாத்திரை வாங்கி வந்துவிடுகிறேன், எனக்கெதற்கு பார்ட் டி?” கையில் இருக்கும் மாத்திரை காப்பீடு ஆகாது. மருந்துக் கடைத் தள்ளுபடி கார்டும் அப்படித்தான். மாத்திரையே சாப்பிடாதவருக்கும் மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வேலையை விட்ட பிறகும் ஆபீஸ் காப்பீட்டைச் சொந்தப் பணம் கட்டிச் சில காலம் நீட்டிக்கும் வசதியான கோப்ராவில் தொடர்பவர்கள் குழம்புவது வேறு இடத்தில். கோப்ராவின் மருந்துப் பகுதி கிரெடிட்டபிள் என்றால் பார்ட் டி-க்கு அபராதம் வராது. ஆனால் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு கோப்ரா உதவாது. அதில் சேர வேலை முடிந்ததிலிருந்து எட்டு மாதம்தான் அவகாசம், கோப்ரா இருக்கிறதே என்று அது நீளாது. இரண்டையும் ஒன்றென நினைத்துப் பார்ட் பி-யைத் தவறவிடுவது மிகவும் வருத்தமான தவறு, ஏனென்றால் அதற்குத் தனி அபராதம்.

அவசரப்பட்டுப் பார்ட் டி-யில் சேர்வதும் ஆபத்துதான். சில ஆபீஸ் திட்டங்களில் அப்படிச் சேர்ந்தால் உங்கள் மருத்துவக் காப்பீடு முழுதும் போய்விடலாம், துணைவரின் காப்பீடும் சேர்ந்தே போகலாம். சேரும் முன் எச்.ஆர்.-இடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் தொலைந்துவிட்டதா? ஆபீசிலோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ மறுபிரதி கேட்கலாம். பிற்பாடு பார்ட் டி-யில் சேரும்போது, இடைப்பட்ட மாதங்களில் என்ன காப்பீடு இருந்தது என்று கேட்டு அந்தத் திட்டம் ஒரு படிவம் அனுப்பக்கூடும். அதைக் கெடு தேதிக்குள் நிரப்பி அனுப்பிவிடுங்கள்.