மலைவீட்டில் லேப்டாப்புக்கு மொபைல் டேட்டா: யூஎஸ்பி டெதரிங் முறை

நீலகிரியின் கோத்தகிரி, குந்தா, பந்தலூர் வட்டாரங்களில் பிராட்பேண்ட் கம்பி வந்து சேராத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய வீடுகளில் லேப்டாப்புக்கு இணையம் வேண்டுமென்றால் பெரும்பாலோர் கைப்பேசியின் வைஃபை ஹாட்ஸ்பாட்டைத்தான் நாடுகிறார்கள். ஆனால் மலையில், கைப்பேசியைக் கேபிளால் லேப்டாப்புடன் இணைத்து டேட்டாவைப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கே மேலானது என்பது என் உறுதியான கருத்து. மொபைல் கோபுரம் தொலைவில் இருக்கும்போது கைப்பேசி கூடுதல் சக்தியைச் செலவிட்டு அலையை அனுப்ப வேண்டியிருப்பதால், அதனுடன் ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்தால் அது சூடேறி, சார்ஜ் விரைவில் இறங்கிவிடும். கேபிளில் இணைத்தால் லேப்டாப்பே அதற்கு சார்ஜ் கொடுக்கும்; கரண்ட் போன பிறகும் இது சிறிது நேரம் கைகொடுக்கும்.

இணைப்பதற்கு முன் கைப்பேசியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். வேகத்தில் பாதி அதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று சென்றால், பல கைப்பேசிகளில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். அது மைனஸ் எண். −90 அளவில் இருந்தால் வேலை தடையின்றி நடக்கும், −110-க்கும் கீழே இறங்கினால் இழுபறிதான். கைப்பேசியை ஒவ்வொரு சன்னலிலும் ஒரு நிமிடம் அசையாமல் வைத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டின் பின்மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும் பக்கத்துக் கோபுரத்தைவிட, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் கண்ணுக்குத் தெரியும் கோபுரம் நன்றாகக் கிடைப்பதுண்டு. தகரக் கூரை அலையைத் தடுப்பதால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் நடு அறையைவிடச் சன்னலோரமே நல்லது.

இடம் முடிவானதும் சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள டேட்டா கேபிளால் கைப்பேசியை லேப்டாப்புடன் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள் உதவாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பிறகு கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை இயக்கி, ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பகுதியில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், விண்டோஸ் அதை ஈதர்நெட் இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். உடனே அந்த ஈதர்நெட்டின் அமைப்பில் மீட்டர்டு கனெக்‌ஷனை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் இறங்கி, அன்றைய 1.5 ஜிபியைக் காலையிலேயே தீர்த்துவிடக்கூடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை மேக்குடன் கேபிளில் இணைப்பது பெரும்பாலும் சரிவருவதில்லை; மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹாட்ஸ்பாட்டே வழி.

சிக்னல் இருந்தும் இணையம் வரவில்லையென்றால் ஏபிஎன் அமைப்பை, அதாவது கைப்பேசி நிறுவனத்தின் இணையத்தோடு சேர உதவும் பெயரைப் பாருங்கள்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளியின்றி எழுத வேண்டும். 5ஜி சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், விருப்ப நெட்வொர்க்கை 4ஜி என மாற்றினால் இணைப்பு நிலைக்கும். வீடியோ கூட்டத்தின் நடுவே அழைப்பு வந்தாலும் டேட்டா அறுபடாதிருக்க, 4ஜி வழியாகவே அழைப்பை நடத்தும் வோல்ட்டி வசதி இயங்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேரள எல்லையோரத்தில் கைப்பேசி தமிழ்நாட்டுக் கோபுரத்தை விட்டுக் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு, அதை ரோமிங்காகக் கணக்கிடலாம். அப்போது டேட்டா ரோமிங் அணைந்திருந்தால், சிக்னல் முழுதாகத் தெரிந்தாலும் லேப்டாப்பில் எந்தப் பக்கமும் திறக்காது. டேட்டா ரோமிங்கை இயக்கினால் சரியாகிவிடும்.