புதிய ஜூம் லென்ஸை முறையாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

புதிய ஜூம் லென்ஸ் கைக்கு வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளிவிட்டு, அந்தப் படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, இவ்வளவுதானா என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. படம் தெளிவிழப்பதற்குக் கை நடுக்கம், இடம் மாறி விழுந்த ஃபோகஸ், இடையிலுள்ள காற்று, லென்ஸ் என்று பல காரணங்கள் இருக்கின்றன. முதல் மூன்றையும் விலக்கிய பிறகுதான் நான்காவதைக் குறை சொல்ல முடியும். தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் 70–300 மி.மீ. போன்ற ஒரு டெலி ஜூமை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன் என்றாலும், மற்ற ஜூம் லென்ஸ்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வாங்கிய இடத்தில் திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள் சோதனையை முடித்துவிடுவது நல்லது.

கேமராவில் மாட்டுவதற்கு முன், ஜூம் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுழற்றி, இடையில் எங்காவது இறுகுகிறதா, உராயும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். முழுவதும் நீட்டிய நிலையில் முன்குழலில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது பல லென்ஸ்களில் இயல்பே. உள்ளே ஓரிரு தூசித் துகள்கள் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். அவை படத்தில் விழாது. பின்பக்கக் கண்ணாடியில் கீறலோ விரல் ரேகையோ இருந்தால் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். முன்னால் ஃபில்டர் மாட்டியிருந்தால் சோதனை முடியும் வரை கழற்றி வையுங்கள். மலிவான ஃபில்டர் ஒன்று டெலி முனையின் (இங்கே 300 மி.மீ.) கூர்மையைக் கெடுத்துவிட்டு, பழியை லென்ஸின் மேல் போட்டுவிடும்.

அடுத்து, கேமராவை உறுதியான ட்ரைபாடில் பொருத்தி, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 100இல் வைத்து, ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாகப் பதியும்படி அமைத்து, 2 விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். நடுக்கம் தடுக்கும் வசதியை ட்ரைபாடில் அணைத்துவிடுவதே பாதுகாப்பானது.

சோதனையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் நான்கு மூலைகள். செங்கல் சுவரைப் படம் பிடிக்கச் சொல்லும் பழைய அறிவுரை எனக்கு உவப்பானதல்ல; கேமரா சுவருக்கு நேர் எதிராக நிற்காமல் சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும், அது லென்ஸின் குறையா, நின்ற கோணத்தின் குறையா என்று சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையையோ கம்பிக் கோபுரத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள். அதைச் சட்டத்தின் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, உடனே கையால் இயக்கும் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு, வளையத்தைத் தொடாமல் அதே பொருள் நடுவிலும் நான்கு மூலைகளிலும் விழும்படி கேமராவை மட்டும் திருப்பி ஐந்து படங்கள் எடுங்கள். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பலகையின் எழுத்துகளை மட்டும் ஐந்து படங்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு மூலைகளும் நடுப்பகுதியைவிட ஒரே அளவுக்கு மென்மையாக இருந்தால், அது அந்த லென்ஸின் வடிவமைப்போடு வந்தது. வேறொன்றை மாற்றி வாங்கினாலும் அப்படித்தான் இருக்கும். மாறாக, மூன்று மூலைகளில் எழுத்து தெளிவாகத் தெரிய, நான்காவதில் மட்டும் ஒரு பக்கமாக இழுத்ததுபோல் இரட்டித்துத் தெரிந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகி அமர்ந்திருக்கக்கூடும். நகரும் கண்ணாடித் தொகுதிகள் பல இருப்பதால் ஜூம் லென்ஸ்களில் இந்தக் குறை அரிதன்று. ஒரு குவியத்தூரத்தில் (ஜூம் வளையத்தின் மி.மீ. எண்ணில்) ஒளிந்துகொண்டு இன்னொன்றில் வெளிப்படவும் செய்யும். ஆகவே 70, 135, 200, 300 மி.மீ. ஆகிய நான்கிலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தப் படங்களை எடுக்கும் வேளையும் முக்கியம். வெயில் ஏறிய பின் தரையிலிருந்தும் கூரைகளிலிருந்தும் எழும் சூடான காற்று, 300 மி.மீ.இல் தொலைதூரப் பொருளின் விளிம்புகளை நெளியச் செய்யும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒரே கம்பி வெவ்வேறு விதமாக வளைந்திருந்தால், அது காற்றின் வேலை. அதிகாலையோ மேகம் மூடிய நாளோ இதற்கு ஏற்றது. சன்னல் கண்ணாடிக்குப் பின்னிருந்து எடுப்பதைத் தவிர்க்கவும்.

அபர்ச்சரைப் பொறுத்தவரை, முழுத் திறப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாக (ஒளியைப் பாதியாக்கும் படி) குறைத்து எஃப் 16 வரை எடுத்துப் பாருங்கள்; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். இத்தகைய லென்ஸ்கள் பலவற்றில் டெலி முனைதான் பலவீனமானது. அங்கே எஃப் 5.6இலிருந்து எஃப் 8க்கு வந்ததும் கூர்மை ஏறுவதைக் காணலாம். எஃப் 16ஐத் தாண்டினால், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மெல்ல மழுங்கும்.

இனி ட்ரைபாடை விட்டுவிட்டு, நடுக்கம் தடுக்கும் வசதியை இயக்கி, கையில் பிடித்து எடுத்துப் பாருங்கள். குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் (300 மி.மீ.க்கு 1/300 விநாடி) என்பது பழைய கணக்கு. முழுச்சட்டக் கேமராவைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. என்பது ஏறக்குறைய 450 மி.மீ.க்கு இணையான காட்சிக் கோணம் தருவதால், அந்த வசதி இல்லாமல் 1/500 விநாடி தேவைப்படும். தயாரிப்பாளர் 4 ஸ்டாப் பயன் என்று சொன்னால் 1/30 விநாடியிலும் எடுக்க முடிய வேண்டும். 1/250, 1/125, 1/60, 1/30 என ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படங்கள் எடுத்து, எத்தனை தெளிவாக வந்தன என்று எண்ணுங்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் காட்சி ஒரு கணம் துள்ளி அமர்வதைக் காணலாம்; அது அமர்ந்த பிறகு முழுவதும் அழுத்தினால் வெற்றி விகிதம் கூடும். இவ்வசதி உங்கள் கையைத்தான் அடக்கும். ஓடும் குழந்தையையோ பறக்கும் கொக்கையோ நிறுத்தாது.

ஃபோகஸில் ஒரு பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். புகைப்படத்துக்கான ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலானவை, ஜூம் மாற்றும்போது ஃபோகஸை அப்படியே தக்கவைப்பதில்லை. எனவே ஜூம் செய்த பிறகு மறுபடியும் ஃபோகஸ் செய்ய வேண்டும். டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள், வியூஃபைண்டர் வழியே எடுத்த படத்தையும் பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் எடுத்த படத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது மட்டும் தொடர்ந்து தெளிவாக வந்தால், ஆட்டோஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்று பொருள். பல கேமராக்களின் மெனுவிலேயே இதைத் திருத்த முடியும்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். தெளிந்த வானத்தை எடுத்தால் மூலை இருட்டு தெரியும். வெளிர்வானப் பின்னணியில் இலையற்ற கிளைகளை எடுத்தால் ஊதா விளிம்பு தெரியும். கட்டடத்தின் நேர்க்கோட்டைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தால் வளைவு தெரியும். இம்மூன்றையும் மென்பொருள் பெருமளவு சரிசெய்துவிடும் என்பதால், இவற்றுக்காக ஒரு லென்ஸை ஒதுக்க மாட்டேன்.

மூலைச் சோதனையில் ஐயம் எழுந்தால், வேறொரு நாள் அதே முறையில் திரும்ப எடுத்து, அதே மூலை மறுபடியும் மங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். மங்கினால், ஐந்து ரா கோப்புகளையும் திருத்தாமல் அப்படியே வைத்து, குவியத்தூரத்தையும் அபர்ச்சரையும் குறிப்பிட்டு, லென்ஸோடு சேர்த்து விற்பனையாளரிடம் கொடுங்கள்.