பள்ளி திறப்பு: பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டத்தை உருப்படியாக நடத்துவது எப்படி

பெருந்தொற்றுக் காலத்தில் மூடிய பள்ளிகளைத் திறக்கலாமா என்று பெற்றோரிடம் கேட்டுச் சொல்லும்படி, தமிழக அரசு இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை உத்தரவிட்டது. 2020 நவம்பர் 9 அன்று நடந்த முதல் கருத்துக் கேட்பில் பெற்றோர் இரு தரப்பாகப் பிரிந்து நின்றனர். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 16ஆம் தேதி திறப்பதாக இருந்த முடிவை அரசு 12ஆம் தேதி நிறுத்தி வைத்தது. 2021 ஜனவரி 6 முதல் 8 வரை மீண்டும் கேட்டபோது பெரும்பாலானோர் சம்மதிக்கவே, 19ஆம் தேதி பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் மாநிலத்தின் அன்றாடத் தொற்று 2,000-க்கு மேலிருந்து 1,000-க்குக் கீழே இறங்கியிருந்தது, பொதுத்தேர்வும் நெருங்கியிருந்தது. ஆயினும், இரண்டு முறையும் பெற்றோர் முன் வைக்கப்பட்ட கேள்வி அடிப்படையில் ஒன்றே: திறக்கலாமா, வேண்டாமா. இப்படிக் கேட்டால், கூட்டத்துக்கு வர முடிந்தவர்களில் உரக்கப் பேசுபவரின் கருத்தே பள்ளியின் கருத்தாகப் பதிவாகிவிடும். இனியொரு தொற்றுக் காலம் வந்து இதே வேலை உங்கள் தலையில் விழுந்தால், அதை வேறு விதமாகச் செய்யலாம். தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நாளையும் நேரத்தையும் பாருங்கள். 2020 நவம்பர் 9 ஒரு திங்கட்கிழமை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. தையல் வேலை, ஜவுளிக்கடை வேலை, பட்டாசுக்கடை, பலகாரக்கடை என்று ஆண்டின் பெரும் வரும்படி கிடைக்கும் வாரத்தில், காலை நேரத்தில் பள்ளிக்கு வா என்றால் அன்றாடங்காய்ச்சிகள் எப்படி வருவார்கள்? ஒரே அமர்வாக வைக்காமல், ஒன்றை மாலை ஆறு மணிக்குப் பிறகும் இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமையும் வையுங்கள். திறந்த மைதானத்தில், மரத்தடியில் வைத்தால் கூட்டமே தொற்றுக்குக் காரணமாகிவிடும் என்ற அச்சமும் இராது.

வந்தவர்களை எண்ணுவதோடு நில்லாமல், வராதவர்களையும் வகுப்பு வாரியாக எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தி வேலையை முடித்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. பள்ளி மூடியதால் மிகுதியாக இழந்த பிள்ளைகளின் வீட்டில்தான் அந்தக் குழுவில் சேரத் திறன்பேசி இருப்பதில்லை. அவர்களை வகுப்பாசிரியர் வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தார் கைப்பேசியிலேனும் பிடிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்; தெருவுக்கு ஓர் உறுப்பினர் என்று இந்த வேலையைப் பிரித்துக் கொடுத்தால், கையெழுத்துக்கு மட்டும் கூடும் குழுவுக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் போங்கள். விவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். இருபதுக்கு இருபது அடி அறையில், ஆறடி இடைவெளியில் பிள்ளைகளை உட்கார வைத்தால் வரிசைக்கு நான்கு பேர், நான்கு வரிசை, ஆக 16 பேர். ஆசிரியர் நிற்கவும் கரும்பலகைக்கும் ஒரு வரிசையை விட்டால் 12 பேர். 2021 ஜனவரியில் வந்த நெறிமுறையோ ஒரு வகுப்புக்கு 25 பேர் என்றது. இத்தகைய அறையில் 25 பேரும் ஆறடி இடைவெளியும் சேர்ந்து நடக்காது. சுழற்சி முறையா, இடைவெளியைக் குறைத்து முகக்கவசத்தையும் காற்றோட்டத்தையும் நம்புவதா என்ற உண்மையான கேள்வி அளந்து பார்த்த பிறகே எழும்.

அப்படியே சன்னல்களையும் எண்ணுங்கள், எத்தனை இருக்கின்றன என்றல்ல, எத்தனை திறக்கின்றன என்று. பீரோ மறைத்தது ஒன்று, கொக்கி துருப்பிடித்தது ஒன்று, பின்புறக் கழிப்பறை நாற்றத்துக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் சாத்தியே கிடப்பது ஒன்று என்று கழித்துக்கொண்டே வந்தால், ஆறு சன்னல் அறையில் இரண்டு மிஞ்சும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் திறந்திருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். கொரோனா மூடிய அறைக் காற்றின் வழியே பரவியது என்பதால், தரையைக் கிருமிநாசினியால் கழுவுவதற்குச் செலவிடும் பணத்தைக் கொக்கி மாற்றவும் கழிப்பறையைச் சீர்செய்யவும் செலவிடுவது மேல். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் உழவர் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். ஊர் ஊராக அதைப் பார்த்து வைக்கத் தொடங்கிய வேகத்திலேயே, மனிதர்கள் மீது தெளிப்பது பயனற்றது, தீங்கானது என்று சுகாதாரத் துறையினர் நிறுத்தச் சொன்னார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஏற்பாட்டைக் காட்டிப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது எளிது, அதைச் செய்யாதீர்கள்.

கூட்டத்தில் வைக்க வேண்டிய எண்கள் ஒரு தாளில் அடங்க வேண்டும். மாநிலத்தின் மொத்தத் தொற்று எண்ணிக்கை அதில் வேண்டியதில்லை. அது ஏறிக்கொண்டே போகும், அச்சத்தை மட்டும் தரும். உங்கள் மாவட்டத்தின் கடந்த இரண்டு வார நிலவரம், நூறு பரிசோதனைக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதம், மாவட்ட மருத்துவமனையில் காலியாக உள்ள படுக்கைகள் ஆகிய மூன்றும் போதும். பரிசோதனையைக் குறைத்தாலே தொற்று எண்ணிக்கை குறைந்தது போலத் தோன்றும் என்பதால், விகிதம் இல்லாத எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அந்த விகிதம் இரண்டு வாரம் தொடர்ந்து ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் தளர்வுகளுக்குச் சொன்ன அளவுகோல்களில் ஒன்று. இன்று வெளியாகும் எண்ணிக்கை ஒரு வாரத்துக்கு முன் பரவியதைத்தான் காட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அதே தாளின் மறுபக்கத்தில் மூடியிருப்பதன் விலையை எழுதுங்கள். இதற்கு வெளியூர்ப் புள்ளிவிவரம் தேவையில்லை, உங்கள் பள்ளிப் பதிவேடே போதும். எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எந்தப் பெண்பிள்ளைக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது, கல்வித் தொலைக்காட்சியைப் பார்ப்பவர் எத்தனை பேர், சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த உலர் உணவுப் பொருள்கள் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் பொதுவில் படிக்காதீர்கள். தனியார் பள்ளியாக இருந்தால் இன்னொன்றும் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும்: கட்டணத்தில் 40 சதவீதத்தை முதல் தவணையாகப் பெற 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது, அடுத்த தவணை பள்ளி திறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. நிர்வாகத்துக்கு இப்படி ஒரு நலன் இருக்கும்போது, நிர்வாகமே தலைமை தாங்கிக் கருத்துக் கேட்பது முறையல்ல. பெற்றோர் ஒருவரைத் தலைமை தாங்கச் சொல்லுங்கள்.

இனி கேள்வி. “எந்த ஏற்பாடு இருந்தால் உங்கள் பிள்ளையை அனுப்புவீர்கள், எது நடந்தால் நிறுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். அஞ்சியவர் என்று நாம் நினைத்தவர் “பேருந்தில் நெரிசல் இல்லாவிட்டால் அனுப்புவேன்” என்பார். துணிந்தவர் என்று நினைத்தவர் “வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, இவன் தொற்றைக் கொண்டுவந்தால் என்ன செய்வது” என்பார். முதலாமவருக்குப் பள்ளி நேரத்தை அரை மணி தள்ளி வைத்தால் போதும். இரண்டாமவருக்கு, வராத பிள்ளையின் வருகைப்பதிவில் கை வைக்கமாட்டோம் என்ற உறுதி வேண்டும். திறக்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தால் இருவரும் எதிரெதிர் அணியில் நின்று சண்டையிட்டிருப்பார்கள். ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரிடமும் இதையே தனியாகக் கேட்டுப் பதியுங்கள்.

“டாஸ்மாக்கைத் திறக்கலாம், பள்ளியைத் திறக்கக் கூடாதா?” என்று ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். அதை அரசியல் பேச்சு என்று அடக்கிவிட வேண்டாம், அதில் நியாயம் இருக்கிறது. 2020 மே 7 அன்று மதுக்கடைகள் திறந்தன. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, மறுநாளே மீண்டும் திறந்தன. திரையரங்குகள் முதல் கருத்துக் கேட்புக்கு மறுநாள் திறந்தன. இரண்டாவது கருத்துக் கேட்பு நடந்த அதே வாரத்தில்தான், திரையரங்கில் முழு இருக்கைகளையும் நிரப்பலாம் என்ற ஆணை வந்து, மத்திய உள்துறையின் கடிதத்துக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஊர் தாங்கக்கூடிய நெருக்கத்துக்கு ஓர் அளவு உண்டென்றால், அதில் முதல் பங்கு யாருக்கு என்பதே அந்தப் பெற்றோர் எழுப்பும் கேள்வி. கூட்டக் குறிப்பில் அதை அந்த வடிவத்திலேயே எழுதுங்கள். ஆனால், ‘அது திறந்தது, ஆகவே இதுவும் திறக்கலாம்’ என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லாது. திறந்திருந்த இடமும் தொற்றைப் பரப்பும்: 2020 ஏப்ரல் இறுதியில் சென்னை கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை போனது.

வெளியூர் எடுத்துக்காட்டுகளை இரு தரப்பும் கொண்டுவரும். டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15 அன்றே சிறு குழந்தைகளுக்குத் திறந்தார்கள் என்பார் ஒருவர். இஸ்ரேலில் மே மாதம் திறந்து, ஜெருசலேமில் ஒரே பள்ளியில் 150-க்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று வந்தது என்பார் மற்றவர். இரண்டும் உண்மை. டென்மார்க்கில் சிறு குழுக்களாகப் பிரித்து, இயன்றவரை வெளியில் பாடம் நடத்தினார்கள். இஸ்ரேலில் வெயில் கொளுத்தியதால் முகக்கவசத்துக்கு விலக்களித்து, சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தை ஓட விட்டார்கள். எந்த நாடு என்பதை விட எப்படித் திறந்தார்கள் என்பதைக் கேட்டால், பேச்சு மறுபடி உங்கள் வகுப்பறைச் சன்னலுக்கே வந்து சேரும்.

முடிவை எழுதும்போது, மீண்டும் மூடுவதற்கான எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் தொற்று பரவி, 22ஆம் தேதி முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் மறுபடி நின்றன. ஒரு வகுப்பில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த வகுப்பு மட்டுமா, முழுப் பள்ளியுமா, எத்தனை நாள், பெற்றோருக்கு யார் எந்த எண்ணிலிருந்து தெரிவிப்பார் என்பதெல்லாம் முன்கூட்டியே தாளில் இருந்தால், அந்த நாளில் வதந்திக்கு இடமிராது. வந்தவர், வராதவர், நிபந்தனைகள், எல்லைகள் அடங்கிய குறிப்பில் தலைமை தாங்கிய பெற்றோரின் கையெழுத்தைப் பெற்று, ஒரு படியை முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். இன்னொரு படியைப் பள்ளி வாயிலில், உள்ளே வராமலே படிக்கும்படி ஒட்டி, இரண்டு வாரத்துக்குள் மீண்டும் கூடும் தேதியையும் அதன் அடியில் எழுதிவிடுங்கள்.