மொட்டை மாடியில் சிற்றலை: சின்ன ரேடியோவும் ஏழு மீட்டர் வயரும்

வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். டெக்சன் பிஎல்-330 என்ற சின்ன சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ வந்த அன்று ராத்திரி ஹாலில் உட்கார்ந்து 31 மீட்டர் பேண்டை, அதாவது சுமார் 31 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பும் நிலையங்கள் இருக்கும் பகுதியை, துழாவினேன். ‘கிர்ர்ர்’ தவிர ஒன்றும் இல்லை. செட் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டிகூடக் கட்டிவிட்டேன். கடைசியில் பழுது வீட்டில்தான்.

முதலில் நேரம். வெயில் இருக்கும்போது 19, 25 மீட்டர். இருட்டிய பிறகு 31, 41, 49. நிலையங்களின் அட்டவணைகளில் யூடிசி (உலகப் பொது நேரம்) போட்டிருப்பார்கள், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். பிபிசி தமிழோசையைத் தேடாதீர்கள், அது சிற்றலையில் 2017-லேயே நின்றுவிட்டது. சோதித்துப் பார்க்க 10000 கிலோஹெர்ட்ஸ் போடுங்கள். சீனாவின் பிபிஎம் நேர ஒலிபரப்பு நொடிக்கொரு ‘டிக்’ அடிக்கும். அது காதில் விழுந்தால் உங்கள் இடம் தேறிவிட்டது.

அடுத்தது இரைச்சல் வேட்டை. என்னை ஒரு வாரம் படுத்தியது இதுதான். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை ஆஃப் செய்யுங்கள் (சீரியல் நேரத்தில் வேண்டாம்). நான் செய்தேன், இரைச்சல் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம் என்று முடிவு கட்டி, அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம் அவர். மெயின் போனதும் எங்கள் இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. அதையும் அணைத்ததும் பேண்ட் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ரௌட்டரின் அடாப்டரும் பாத்ரூம் எல்இடி பல்பும் மாட்டின. செல்போன் சார்ஜர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இரண்டையும் விடாதீர்கள். ரேடியோவை சார்ஜ் போட்டபடி கேட்கவே கேட்காதீர்கள்.

இனி ஆன்டெனா. ரிச்சி தெருவில் சாதாரண வயர் ஏழு மீட்டர், ஒரு முதலை கிளிப், போதும். 31 மீட்டர் அலையில் கால்வாசி எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கணக்கு சரியாக வரும். பேராசையில் இருபது மீட்டரை வீடு முழுக்க இழுத்தேன். நிலையத்தோடு வீட்டு இரைச்சலும் ஏறியது. போதாததற்கு, பலமான நிலையம் ஒன்று சம்பந்தமில்லாத இடத்திலெல்லாம் கேட்டது. இத்தனை சின்ன செட்டுக்கு அவ்வளவு சிக்னல் தாங்காது. இப்போது மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை வயர், இரண்டு முனையிலும் நைலான் கயிறு. வயரின் முனையிலுள்ள கிளிப்பை ரேடியோவின் ஆன்டெனாக் கம்பியில் மாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கேட்கிறேன். காசு போட்டு லூப் (வளைய வடிவ) ஆன்டெனா வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ரேடியோவைக் கையில் பிடித்தால் நன்றாகக் கேட்டு, கீழே வைத்ததும் மங்குகிறதா? உங்கள் உடம்பு எர்த் மாதிரி வேலை செய்கிறது. ஆன்டெனா ஜாக்கின் வெளி வளையத்தில் மூன்று மீட்டர் வயரை இணைத்துத் தரையில் போட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் மாடிக்கே போகாதீர்கள். கேட்டு முடித்ததும் வயரைக் கழற்றிச் சுருட்டிவிடும் பழக்கம் நல்லது.

பின்சேர்க்கை: அசோசியேஷன் மாடியைப் பூட்டி வைத்திருக்கிறது, என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பால்கனிதான் வழி. கிரில்லில் வயரைச் சுற்றாதீர்கள், இரும்பு அலையை விழுங்கிவிடும். பிளாஸ்டிக் மாப் குச்சியை வெளியே நீட்டிக் கட்டி, அதன் நுனியிலிருந்து நான்கு மீட்டர் தொங்கவிடுங்கள். கீழ் வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் துணி காயப் போட்டுவிடுவார்.