பிஎச்பி சண்டையில் நான் ஜெயித்துத் தோற்ற கதையும் சில எச்சரிக்கைகளும்

போன மாதம் எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், இணையதளங்களின் சர்வர் பக்கத்தை எழுதப் பயன்படும் பிஎச்பி (PHP) உருப்படியான நிரல்மொழியா இல்லையா என்று மதியம் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "செத்த மொழி" என்கிறார், மற்றவர் "பேஸ்புக்கே அதில்தான் ஓடுகிறது" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இரண்டு பக்க வசனங்களையும் ஒரு காலத்தில் நானே மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன்.

யூசர் தட்டியதை அப்படியே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) ஒட்டாதே, பாஸ்வேர்டை எளிதில் உடைபடும் பழைய எம்டி5 முறையில் வைக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது வாதாடும்போது செய்கிற தவறுகள். வாய்ச்சண்டைதானே என்று விடவும் முடியாது, ஏனென்றால் இந்த மாதிரிச் சண்டை முடிந்ததும் யாரோ ஒருவர் கோடு (நிரல்) எழுத உட்கார்ந்துவிடுகிறார்.

எந்த பிஎச்பி என்று கேட்காமல் பேசுவது

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்டது தன் சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதிய சில கருவிகளை. அதற்கும் இன்றைய 8-ஆம் வரிசைக்கும் நடுவில் உள்ள தூரம் பெரிது. யூஆர்எல்லில் வருவதெல்லாம் தானாக வேரியபிளாக மாறிவிடும் ரெஜிஸ்டர் க்ளோபல்ஸ் என்ற கொடுமையை இன்றும் குற்றப்பத்திரிகையில் சேர்க்கிறார்கள். அது 2012-இல் 5.4 பதிப்பிலேயே தூக்கி எறியப்பட்டது, உள்ளே வரும் மேற்கோள் குறிகளுக்கு முன் தானாகப் பின்சாய்வைச் சேர்க்கும் மேஜிக் கோட்ஸும் கூடவே போனது. 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பு வேகத்தை வெகுவாகக் கூட்டியது, 2021-இல் 8.1-இல் குறிப்பிட்ட மதிப்புகளை மட்டுமே ஏற்கும் எனம் (enum) வகை வந்தது.

ஆதரவாளர்கள் செய்வதும் இதே தவறுதான், திசை மட்டும் வேறு. "அதையெல்லாம் சரிசெய்துவிட்டார்களே" என்பார்கள். சரி, உங்கள் சர்வரில் ஓடுவது எது என்று கேட்டால் 5.6 என்று பதில் வரும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுபோயின.

வேரியபிள் பெயருக்கு முன் வரும் டாலர் குறியைக் கிண்டல் செய்வது

விடுங்கள். இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஃபங்ஷன் பெயர்களிலேயே வாதத்தைச் செலவழிப்பது

ஒரு ஃபங்ஷனில் தேடும் பொருள் முதலில் வருகிறது, இன்னொன்றில் தேடப்படும் இடம் முதலில் வருகிறது. உண்மைதான், எனக்கும் எரிச்சல்தான். பெரும்பாலும் அர்ரே (பட்டியல்) என்றால் பொருள் முதலில், சரம் (எழுத்துத் தொடர்) என்றால் இடம் முதலில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம், மீதியை எடிட்டர் பார்த்துக்கொள்ளும். பெயர்கள் தாறுமாறான நீளத்தில் இருப்பதற்கு லெர்டார்ஃபே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்: ஆரம்ப காலத்தில் பெயரின் நீளத்தையே ஹாஷாக, அதாவது ஃபங்ஷன்களைப் பிரித்துத் தேடும் எண்ணாக, பயன்படுத்தினாராம், அதனால் பெயர்கள் பல நீளங்களில் பரவியிருக்க வேண்டியிருந்ததாம். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம். இதை வைத்து ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை முடிவு செய்யக் கூடாது. நான் செய்தேன்.

மொழியைப் பார்த்து, அது ஓடும் விதத்தைப் பார்க்காமல் விடுவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளர் கணக்கும் பில்லும் காட்டும் ஒரு மென்பொருள் இருந்தது. எட்டு வருடமாக ஆளுக்கு ஆள் கைவைத்த பிஎச்பி. அசிங்கம்தான், ஆனால் ஓடியது. ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, பெயர்களில் ஒழுங்கில்லை, டைப் கட்டுப்பாடு இல்லை, எதிர்காலம் இல்லை என்று பிளந்து கட்டினேன். எதிர்த்துப் பேசிய மூத்த டெவலப்பர் அமைதியானவர், "இது ஏன் இவ்வளவு நாள் விழாமல் ஓடுகிறது என்று யோசித்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் யோசிக்கவில்லை. வாதத்தில் ஜெயித்தேன். எல்லாவற்றையும், ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் திருப்பி எழுதுவது என்று முடிவானது. நாலு மாதம் என்றேன், பதினோரு மாதம் ஆனது, அதைக்கூட மன்னிக்கலாம்.

பழைய கோடில் லாகின் செய்திருப்பவர் யார் என்பது ஒரு க்ளோபல் வேரியபிளில் இருந்தது. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் (பக்கம் கேட்டு வரும் அழைப்பும்) தொடங்கும்போது அது நிரப்பப்படும், எல்லா ஃபைல்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே புதியதில் ஒரு மாட்யூலின் (கோடு ஃபைலின்) உச்சியில் வேரியபிளாக வைத்தோம். டெஸ்ட்டில் எல்லாம் பச்சை. நாங்கள் கையால் சோதித்தபோதும் எல்லாம் சரி, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சோதித்தோம். வெளியிட்ட இரண்டாம் நாள், கூட்டம் ஏறியதும், ஒரு வாடிக்கையாளர் தன் பில்லைத் திறக்க, யாரோ முன்பின் தெரியாதவரின் பெயரும் முகவரியும் வந்து நின்றது.

பிஎச்பி வழக்கமாக ஓடும் விதத்தில் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் வெறும் பலகையில் தொடங்குகிறது, முடிந்ததும் எல்லா வேரியபிள்களும் அழிந்துபோகின்றன. அடுத்தவருக்கு எதுவும் ஒட்டாது. நோட் ஜேஎஸ்ஸில் ஒரே ப்ராசஸ் எல்லாருக்கும் பரிமாறுகிறது. முதலாமவரின் ரெக்வெஸ்ட் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில மில்லிநொடியில் இரண்டாமவர் உள்ளே வந்து அதே வேரியபிளில் தன் பெயரை எழுதிவிட்டுப் போகிறார், பதில் வந்ததும் முதலாமவருக்கு இரண்டாமவரின் பில் போய்ச் சேர்கிறது. நான் கூட்டத்தில் கிழித்த அந்த மொழி எட்டு வருடமாக எங்கள் மோசமான பழக்கத்தைச் சத்தமில்லாமல் ரெக்வெஸ்ட்டுக்கு ரெக்வெஸ்ட் கழுவித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நோட் ஜேஎஸ் மேல் குற்றமில்லை. யூசரை ஆர்க்யுமென்ட்டாகக் கைமாற்றிக் கொடுத்திருந்தால் இது நடந்தே இருக்காது. எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் குடிபோகிறோம் என்று பார்க்காமல் மூட்டை கட்டியது நாங்கள்.

அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. இரண்டு ரெக்வெஸ்ட் குறிப்பிட்ட விதத்தில் உரசினால்தான் வரும், தேடினால் வராது. அதுவரை பழையதற்கே திரும்பினோம், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதினோம். அந்தக் கடிதத்தின் முதல் வரைவை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

அப்புறம் சில்லறைச் சேதங்கள். பிஎச்பி அர்ரேயில் போட்ட வரிசையிலேயே எல்லாம் இருக்கும், சாவி எண்ணாக இருந்தாலும். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டில் எண் போன்ற சாவிகள் ஏறுவரிசைக்குப் போய்விடும். புதியது மேலே வரவேண்டிய பட்டியல்கள் எல்லாம் வாடிக்கையாளர் எண் வரிசையில் வந்தன, நாங்கள் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தோம். காலியான அர்ரேயை பிஎச்பி ஜேசானில் (செயலிகள் தரவைப் பரிமாறும் வடிவத்தில்) சதுர அடைப்பாக அனுப்பும், உள்ளே பெயர்ச்சாவிகள் வரவேண்டிய இடமாக இருந்தாலும். மொபைல் செயலி அதற்குப் பழகிப்போயிருந்தது, நாங்கள் சரியாக அனுப்பியதும் அது விழுந்தது!

இந்த ஓடும் விதத்துக்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் ஃப்ரேம்வொர்க் (மென்பொருளின் அடித்தளக் கோடு) முழுக்க எழுந்து நிற்க வேண்டும். 5.5 முதல் கூடவே வரும் ஓபிகேஷ், ஃபைல்களைத் திரும்பத் திரும்ப கம்பைல் செய்வதைத்தான் தவிர்க்கிறது, எழுந்து நிற்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. நீண்ட நேரம் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் போன்ற இணைப்புகளுக்கு இந்த அமைப்பு ஒத்துவராது. அதனால்தான் ஸ்வூல், ரோட்ரன்னர், ஃபிராங்கன்பிஎச்பி என்று எழுந்து நின்றதை அடுத்த ரெக்வெஸ்ட்டுக்கும் சாகவிடாமல் ஓட்டும் வழிகள் வந்தன, லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்குக்கு ஆக்டேன் இருக்கிறது. எனக்கு இப்போதும் எரிச்சல் வருவது இங்கேதான். அணிக்குப் புதிதாக வந்த அந்த இரண்டு பேரில் பிஎச்பி பக்கம் நின்றவர், வேகத்தை நிரூபிக்க ஆக்டேனைப் போட்டுக் காட்டினார். கோடைத் திறந்து பார்த்தேன். லாகின் செய்த யூசர், இந்த அமைப்பில் ரெக்வெஸ்ட் முடிந்தாலும் அழியாத ஒரு ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டியில் உட்கார்ந்திருந்தார். அதே தவறு, இந்தத் தடவை மொழியைக்கூட மாற்றாமல்.

பேஸ்புக்கைச் சாட்சிக்குக் கூப்பிடுவது

அவர்கள் ஹாக் என்று தனி மொழியே எழுதி 2014-இல் வெளியிட்டுவிட்டார்கள். சாட்சி வேண்டுமென்றால் விக்கிப்பீடியாவைக் கூப்பிடுங்கள், அதை ஓட்டும் மீடியாவிக்கி இன்றும் பிஎச்பிதான். வலையில் 70 சதவீதத்துக்கு மேல் பிஎச்பி என்ற கணக்கையும் பார்த்துப் பயன்படுத்துங்கள், அதில் பெரும்பங்கு வேர்ட்பிரஸ். தளம் வைத்திருக்கும் எல்லாரும் உட்கார்ந்து யோசித்து மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அர்த்தமில்லை.

வேகம்

முதலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி போகிறது என்று எண்ணுங்கள், பிறகு பேசலாம்.

இரட்டைச் சமக்குறியை மன்னித்துவிடுவது

ஆதரவாளர்கள் இதில் கொஞ்சம் அதிகமாகவே பெருந்தன்மை காட்டுகிறார்கள். 8-ஆம் பதிப்பு வரும் வரை பூஜ்யமும் ஏதோ ஒரு சொல்லும் சமமா என்று கேட்டால் ஆமாம் என்று வந்தது. 2020-இல் அது மாறியது, பழைய விடையை நம்பியிருந்த கோடுகள் அப்கிரேடில் சத்தமில்லாமல் வேறு பாதையில் போயின. இன்றும் 0e என்று தொடங்கி மீதி எல்லாம் இலக்கமாக இருக்கும் இரண்டு வெவ்வேறு ஹாஷ்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் இரண்டும் பூஜ்யம், ஆகவே சமம் என்றே சொல்லும். வகையையும் சேர்த்து ஒப்பிடும் மூன்று சமக்குறி போடுங்கள். பூஜ்யத்தைக் காலி என்று சொல்லும் எம்ப்டி ஃபங்ஷனையும் நம்பாதீர்கள், பூஜ்யம் என்று உண்மையாகவே நிரப்பியவரின் படிவத்தை அது திருப்பி அனுப்பும்.

ஆங்கில உதாரணங்களோடு நிறுத்திக்கொள்வது

நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கிற குறை இது, இதை யாரும் வாதத்தில் எடுப்பதே இல்லை. பிஎச்பிக்குச் சரம் என்றால் பைட்டுகளின் வரிசை. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை ஸ்ட்ர்லென்னிடம் கேட்டால் 15 என்கிறது. யூனிகோடு குறிகளை எண்ணும் மல்டிபைட் வகையிடம் கேட்டால் 5, ஏனென்றால் மகரமும் இகரக் குறியும் அதற்குத் தனித்தனி. பெயரை முதல் பத்து எழுத்தோடு வெட்டிக் காட்டும் திரைகளில் புள்ளியும் கொம்பும் அறுந்து தொங்குவது இதனால்தான். யூனிகோடை மொழிக்குள்ளேயே கொண்டுவரத்தான் 6-ஆம் பதிப்பு தொடங்கப்பட்டது, 2010-இல் கைவிடப்பட்டது, எண்ணே 5-இலிருந்து 7-க்குத் தாவியது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே சொல்லுக்கு லென்த் கேட்டாலும் 5 தான் வரும், ஆக எதிரணி ரொம்பக் குதிக்க வேண்டாம்.

இதைச் சொன்னதும் இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே திரையில் குனிந்தார்கள். பன்மொழி வசதிக்கான இன்டல் (intl) எக்ஸ்டென்ஷனைப் போட்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணும் கிராஃபீம் ஸ்ட்ர்லென்னிடம் கேட்டார்கள், 3 என்று வந்தது. ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் அந்த ஃபங்ஷனுக்கு ஏன் இவ்வளவு நீளமான பெயர் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.