மூட்டு வலியோடு ஆடு, கோழி வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் தேய்ந்த பிறகும் ஆட்டை விற்க மனம் வராதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். நாலு வெள்ளாடு, பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி. "வித்துட்டு நான் என்ன பண்ண, சுவரையா பாத்துக்கிட்டு இருக்க?" என்பார். விற்க வேண்டியதில்லைதான். ஆனால் கால் நன்றாக இருந்தபோது செய்த மாதிரியே இப்போதும் வேலை செய்வதுதான் ஆபத்து.

முதலில் கயிறு. ஆட்டை ஓட்டிப்போகும்போது கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது பலருக்குப் பழக்கம். நாய் குரைத்தால், பைக் ஹாரன் அடித்தால் ஆடு ஒரே இழுப்பு இழுக்கும். விட நினைத்தாலும் கயிறு கையை விடாது. அம்மா விழுந்தது அப்படித்தான். மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆடு என்னவோ பொழுது சாய்வதற்குள் தானாகவே பட்டிக்கு வந்துவிட்டது. கயிற்றை உள்ளங்கையில் மடித்து மட்டும் பிடியுங்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள். ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் என்றால் கயிறே வேண்டாம். டப்பாவில் கொஞ்சம் மக்காச்சோளம் போட்டுக் குலுக்கிப் பழக்குங்கள். சில நாளில் சத்தம் கேட்டாலே பின்னால் வரும்.

அடுத்தது, எல்லாவற்றையும் தரையில் வைப்பது. தழையைத் தரையில் போட்டால் நீங்களும் குனிய வேண்டும், ஆடும் பாதியை மிதித்து வீணாக்கும். புழுக்கையோடு சேர்ந்து புழு முட்டையும் வயிற்றுக்குள் போகும். வெள்ளாடு அண்ணாந்து கொழை தின்று பழகிய ஜீவன். அகத்தியையோ சவுண்டலையோ கட்டாகக் கட்டி, உங்கள் நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். உங்கள் முதுகுக்கு எது நல்லதோ அதுவே ஆட்டுக்கும் நல்லது. கோழி முட்டையிடும் கூடையையும் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை அடித்து வைக்கலாம். நாட்டுக்கோழி பறந்து ஏறிக்கொள்ளும். அடைக்கு வைக்கும்போது மட்டும் கூடையைக் கீழே இறக்குங்கள், குஞ்சு விழுந்துவிடும்.

தண்ணீர்க் குடம் இனி வேண்டாம். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ, அதுவும் ஒரே பக்க இடுப்பில். வெயில் காலத்தில் ஓர் ஆடே நாலைந்து லிட்டர் குடிக்கும். குழாயிலிருந்து தொட்டிவரை ஹோஸ் போட்டுவிட்டால் அந்த நடையே மிச்சம்.

ஆடு நிற்கவும் புழுக்கை கீழே விழவும் இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரண் அமைக்கிறவர்கள் செலவுக்குப் பயந்து இரண்டடி உயரத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் புழுக்கை அள்ள அடியில் தவழ வேண்டியிருக்கும். நாலடியாவது வேண்டும். வெளியே நின்றபடியே நீளக் காம்புள்ள பலகையால் இழுத்துவிடலாம். ஆடு ஏற ஏணிப்படி வைக்காமல் சாய்வுப் பலகை வையுங்கள்.

வளர்ந்த கிடாவை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னாலிருந்து ஒரு முட்டு போதும். பெட்டை பருவத்துக்கு வரும்போது பக்கத்து வீட்டுக் கிடாவிடம் விட்டால் போயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு கணக்கும் பாருங்கள்: ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வைகாசி, ஆனியில் சேர்த்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குட்டி போடும். நடு ராத்திரியில், வழுக்கும் வாசலில், டார்ச்சும் கையுமாக நீங்கள்தான் ஓட வேண்டும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, குளம்பு வெட்டுதல் மூன்றுக்கும் ஆட்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குத் தனியாக இறங்காதீர்கள். தெருவில் ஒரு பையனைக் கூப்பிட்டு அன்றைக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போகாதீர்கள். விழுந்து கிடந்தால் யாருக்கும் கேட்காது. அம்மாவுக்குத் துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டோம். அதில் என் எண், பக்கத்து வீட்டு எண், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 மூன்றும் ஒற்றைப் பொத்தானில் இருக்கின்றன.